தாத்தா கட்டிய யாழ்ப்பாணத்து வீடு: இடிப்பதா, எழுப்புவதா?

பிரிக்பீல்ட்ஸில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா மலாயா ரயில்வேயில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் காசில் தெல்லிப்பழைப் பக்கம் ஒரு கல்வீடு கட்டினார். 1990இல் குடும்பம் உடுத்த துணியோடு வெளியேறியது, அதன்பின் அந்த இடம் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. சில வருஷங்களுக்கு முன் நிலத்தை விட்டார்கள். போன மாதம் இவர் முதல் தடவையாகப் போய்ப் பார்த்திருக்கிறார். கூரை இல்லை, கதவு நிலை இல்லை, நடுச்சுவரைப் பிளந்துகொண்டு அரச மரம். பட்டணத்துக்குள் வந்தால் நூலகம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது, ரயில் ஓடுகிறது, மாடி மாடியாக ஹோட்டல். "2009இல் போர் முடிந்தது. ஊர் எழுந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் ஒழுங்கை (சந்து) மட்டும் ஏன் அப்படியே கிடக்கிறது? வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்கிறார்கள், பழையதை எழுப்ப முடியுமா?" இதுதான் கேள்வி, வீட்டின் படங்களும் போட்டிருக்கிறார். வீட்டைப் பற்றிய கேள்வி போல இருந்தாலும், அந்த ஊர் உண்மையிலேயே மீண்டுவிட்டதா, அங்கே போய்க் காசும் மனசும் வைக்கலாமா என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், நீளமாகும்.

நான் பினாங்கில் பழைய கடைவீடுகளைச் சரி செய்கிற வேலையில் 27 வருஷமாக இருக்கிறேன். சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரை, மரச்சட்டம், இவைதான் என் தொழில். யாழ்ப்பாணத்துக்கு முதலில் 2011இல் ஒரு சொந்தக்காரரின் வீட்டுச் சுவரைப் பார்க்கப் போனேன், அப்போது வவுனியாவில் இருந்து பஸ்தான். பிறகு நாலைந்து தடவை போய்க் கையில் கரண்டி பிடித்து வேலையும் செய்திருக்கிறேன். சுவரைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். காணிச் சட்டம் என் துறை இல்லை, அந்த இடம் வரும்போது சொல்கிறேன், அதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் அந்த வீட்டைப் பற்றி. உங்கள் தாத்தாவைப் போல ரயில்வேயிலும் அரசாங்கக் கச்சேரியிலும் எழுத்து வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் அனுப்பிய காசில் எழுந்த வீடுகள் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. "மலாயன் பென்சனியர் வீடு" என்று இன்றும் கைகாட்டுவார்கள். நான்கு பக்கமும் அறை, நடுவில் முற்றம், அதுதான் நாற்சார். சுவர் அந்த மண்ணுக்கு அடியிலேயே கிடைக்கும் சுண்ணாம்புக்கல், கடலோரம் என்றால் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்). கல்லைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைத்தான் மணலோடு குழைத்துக் கட்டியிருப்பார்கள். கூரைக்குப் பனைமரக் கைமரம், மேலே ஓடு. ஒரு சுவர் ஒன்றரை அடி தடிமன் இருக்கும். 2011இல் நான் பார்த்த சுவரில் ஒரு ஷெல் துண்டு குத்திய ஓட்டை வழியாக உள்ளே பார்த்தேன்: வெளிப்பக்கம் பெரிய கல், உள்பக்கம் பெரிய கல், நடுவில் சின்னச் சின்னக் கல்லும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பியது. அந்த நடு நிரப்புதான் இந்த வீடுகளின் உயிர். அது காய்ந்து கிடக்கும்வரை சுவர் நூறு வருஷம் நிற்கும். தண்ணீர் இறங்கினால் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கீழே வடிந்து, சுவர் வயிறு தள்ள ஆரம்பிக்கும்.

அதனால்தான் ஷெல்லை விட மழைதான் அதிக வீட்டைத் தின்றது என்று நான் நினைக்கிறேன். நான் போய்ப் பார்த்த வீடுகளை வைத்துச் சொல்வது இது, கணக்கெடுப்பு இல்லை. குண்டு விழுந்த இடம் விழுந்ததுதான், அது ஒரு அறை, ஒரு மூலை. ஆள் இல்லாத வீட்டில் ஓடு போனது, பனைமரச் சட்டம் போனது (பங்கருக்குப் பனைங்குற்றிதான் கூரை, அதற்காக வெட்டிய மரத்துக்குக் கணக்கே இல்லை), கதவும் ஜன்னலும் போயின. கூரை போன அன்றே சுவரின் தலை திறந்துவிடுகிறது. அங்கே ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை அடிக்கும் மழை ஒவ்வொரு வருஷமும் அந்தத் திறந்த தலை வழியாக இறங்கும். கூடவே காகம் போட்ட எச்சத்தில் இருந்து அரசும் ஆலும் முளைக்கும். 1990இல் இருந்து எத்தனை மழைக்காலம் என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சுவர் இன்னும் நிற்கிறதே, அது கட்டியவன் கை.

இன்னொன்று, அங்கேயே இருந்தவர்களாலும் வீட்டைச் சரி செய்ய முடியாத காலம் ஒன்று இருந்தது. 1990க்குப் பிறகு சிமெண்டு (அங்கே சீமெந்து என்பார்கள்), இரும்புக் கம்பி, எரிபொருள், பாட்டரி எல்லாம் வடக்குக்குப் போகத் தடை. ரயில் நின்றுவிட்டது, மின்சாரம் இல்லை. காங்கேசன்துறையில் 1950இல் இருந்து ஓடிய சிமெண்டு ஆலை அந்த வருஷத்தோடு மூடிக்கொண்டது, சிமெண்டு செய்த ஊரிலேயே ஒரு மூட்டை சிமெண்டு கிடைக்காமல் போனது. 1995 அக்டோபர் 30 அன்று ஒரே இரவில் நகரமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாலு லட்சம் பேர் என்பார், ஐந்து லட்சம் என்பார், எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் அந்த இரவில் செம்மணி வழியில் நடந்தவர் யாரைக் கேட்டாலும் மழையையும் கால் வைக்க இடமில்லாத நெரிசலையும்தான் சொல்கிறார்கள்.

அந்த வருஷங்களில் ஊர் எப்படி உயிர் வைத்திருந்தது என்பதற்கு எனக்கு ஒரு பொருள் காட்டினார்கள். கோண்டாவிலில் ஒரு வீட்டில் வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது, அந்த வீட்டு அம்மா உள்ளே போய் ஒரு ஜாம் போத்தலை எடுத்து வந்தார். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு தகரத் துண்டை வளைத்து அதில் திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்றுக்கு அணையாது, எண்ணெயும் துளிதான் செலவு. அந்த வெளிச்சத்தில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவில் ரேடியோவுக்குச் செய்தி வர வைத்ததையும், பெட்ரோல் சில துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிளையும் அங்கே எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அந்தப் போத்தல்தான் மனதில் நிற்கிறது, ஏனென்றால் அந்த அம்மா அதை இன்னும் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார், தூக்கிப் போடவில்லை. மீள்கட்டுமானம் என்றால் 2009க்குப் பிறகு வந்த கிரேனும் கான்கிரீட் லாரியும் என்று நாம் நினைக்கிறோம். அந்த ஊர்க்காரர்கள் கையில் கிடைத்ததை வைத்துச் சரி செய்வதை ஒரு நாளும் நிறுத்தியதில்லை.

சரி, நீங்கள் பார்த்த வெள்ளை நூலகத்துக்கு வருவோம். 1959இல் திறந்த கட்டடம் அது, சென்னையில் இருந்து நரசிம்மன் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. 1981 மே 31 இரவு தொடங்கி எரித்தார்கள், எரித்தவர்களில் காவல்துறையினரும் இருந்தார்கள். 97,000 புத்தகம், ஓலைச்சுவடி, எல்லாம் போயிற்று. பிறகு பக்கத்துக் கோட்டையில் நடந்த சண்டைகளில் கட்டடம் இன்னும் அடி வாங்கியது. 1990களின் கடைசியில் அதை எழுப்பும் வேலை தொடங்கியபோது ஊருக்குள் பெரிய வாக்குவாதம்: எரிந்ததை அப்படியே நினைவாக விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிது கட்டலாம் என்றார்கள் ஒரு பக்கம், பழையபடி எழுப்ப வேண்டும் என்றார்கள் இன்னொரு பக்கம். எழுப்பியே விட்டார்கள். என் கருத்தைக் கேட்டால், எழுப்பியது சரி, படிக்கிற பிள்ளைக்கு மேசையும் நாற்காலியும்தான் வேண்டும். ஆனால் ஒரே ஒரு சுவரை, புகை படிந்து, பூச்சு வெடித்து, சூட்டில் நிறம் மாறிய நிலையிலேயே விட்டிருக்கலாம். நான் தீப்பிடித்த கடைவீடுகளில் வேலை செய்திருக்கிறேன், சூடு பட்ட சுவர் எவ்வளவு சூடு பட்டது என்பதைத் தானே எழுதி வைத்திருக்கும், அதன் மேல் வெள்ளை அடித்தால் அந்த எழுத்து போய்விடும். இன்று உள்ளே போகிற பத்து வயதுப் பிள்ளைக்கு இங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஆள்தான் வேண்டும், சுவர் சொல்லாது.

மற்றப் பெரிய வேலைகளை வேகமாகச் சொல்கிறேன். 1990 முற்றுகையில் சிதைந்த கோட்டையைப் போர் முடிந்த பிறகு நெதர்லாந்தின் உதவியோடு திருத்தினார்கள், ஆனால் உள்ளே இருந்த 1706ஆம் வருஷத்து டச்சுத் தேவாலயம் இன்று கற்குவியல்தான். ரயில் 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது, தண்டவாளம் போட்டது இந்திய நிறுவனம். பலாலியில் இருந்து 2019இல் பன்னாட்டு விமானம் பறந்தது. நூலகத்துக்குப் பக்கத்தில் இந்தியா கட்டிக்கொடுத்த கலாசார மையம் 2023இல் திறந்தது. இவற்றில் என் மதிப்பில் ஊருக்கு அதிகம் செய்தது ரயிலும், தெற்கில் இருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 சாலையும்தான். 2006 ஆகஸ்டில் அந்தச் சாலை மூடியபோது அரிசியில் இருந்து ஆணிவரை கப்பலில் வர வேண்டியிருந்தது. சாலை திறந்தால்தான் ஓடு வரும், மரம் வரும், போனவன் திரும்பி வருவான்.

வீட்டுத் திட்டங்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அங்கேதான் இருக்கிறது. இந்தியாவின் 50,000 வீட்டுத் திட்டத்தில் பெரும்பாலானவை வடக்கிலும் கிழக்கிலும் கட்டியவை, அதில் வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் கொடுத்தார்கள். காசை ஒப்பந்தக்காரர் கையில் கொடுக்கவில்லை, குடும்பத்தின் வங்கிக் கணக்கில் தவணையாகப் போட்டார்கள்: அத்திவாரம் முடிந்தால் இவ்வளவு, சுவர் எழுந்தால் இவ்வளவு, கூரை போட்டால் இவ்வளவு. யாரை மேசனாக வைப்பது, கதவு எந்தப் பக்கம் பார்ப்பது, சாமியறை எங்கே, எல்லாம் வீட்டுக்காரர் முடிவு. பல வீடுகளில் அந்த முடிவை எடுத்தது கணவனை இழந்த பெண்கள். நான் ஒரு வீட்டில் பார்த்தேன், அந்தப் பெண் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்துத்தான் லாரியில் இருந்து இறக்க விடுவார், மங்கிய சத்தம் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். அதில் குறையும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 550 சதுர அடிக்குப் போட்ட கணக்கை மீறி, பிள்ளைக்கு ஒரு அறை, முன்னால் ஒரு விறாந்தை என்று இழுத்துக் கட்டி, நகையை அடகு வைத்துக் கடனில் விழுந்தவர்கள் நிறைய. வெளியில் இருந்து பார்த்து ஏன் இழுத்துக் கட்டினாய் என்று கேட்பது சுலபம். இருபது வருஷம் முகாமில் தகரத்துக்குக் கீழே கிடந்தவருக்கு விறாந்தை ஆடம்பரம் இல்லை.

அதற்கு நேர் எதிராக ஒரு யோசனை 2015, 2016 வாக்கில் வந்தது. 65,000 வீடுகளைத் தொழிற்சாலையில் செய்த எஃகுத் தகட்டில் கொண்டுவந்து பொருத்திவிடுவதாக. ஒரு வீடு 21 லட்சம் ரூபாய். கல்லும் சிமெண்டும் வைத்து அதில் பாதிக்கும் குறைவான காசில் கட்டலாம் என்று அங்கத்துப் பொறியியலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எனக்குக் காசை விடப் பெரிய விஷயம் வேறு. யாழ்ப்பாண வெயிலும் உப்புக் காற்றும் எஃகுத் தகட்டுக்கு என்ன செய்யும் என்பதைப் பினாங்கில் கடலோரம் இருக்கிற எந்தத் தகரக் கொட்டகையும் காட்டிவிடும். அதைவிட, அந்த வீட்டில் ஒரு துண்டு உடைந்தால் சரி செய்ய ஊரில் யாருக்கும் கை இருக்காது. மேசனுக்கு வேலை இல்லை, தச்சனுக்கு வேலை இல்லை, கல் அறுப்பவனுக்கு வேலை இல்லை, இழப்புக்கு ஈடாக வந்த காசு முழுவதும் ஊருக்குள் ஒரு நாள்கூடத் தங்காமல் வெளியே போய்விடும். மாதிரிக்குச் சில வீடுகள் வந்தன, சொன்ன வடிவில் திட்டம் நடக்கவில்லை, நல்லதாகப் போயிற்று. ஊர் மீண்டதா என்று நீங்கள் கேட்டீர்களே, நான் பார்க்கிற அடையாளம் இதுதான்: உடைந்ததைச் சரி செய்கிற கை அந்த ஊரிலேயே இருக்கிறதா, சரி செய்யலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிற உரிமை அங்கே குடியிருப்பவரிடம் இருக்கிறதா.

இதைப் பினாங்கில்தான் கற்றுக்கொண்டேன். 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ்டவுனில் குண்டு போட்டன. சில நாளில் வெள்ளைக்காரர்கள் இரவோடு இரவாகக் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள், ஊர்க்காரர்களுக்குச் சொல்லவில்லை. பிணம் தெருவில், கடைகளில் கொள்ளை, தண்ணீருக்கும் அரிசிக்கும் ஆள் இல்லை. அப்போது ஊரைக் கையில் எடுத்தது ஊர்க்காரர்கள் சேர்ந்த ஒரு குழு, அதன் தலைவர் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் அவர், வானொலியில் இங்கே படை இல்லை, குண்டு போடாதீர்கள் என்று அறிவிக்க வைத்தவரும் அவர். 19ஆம் தேதி ஜப்பானியர் வந்தார்கள், அதன்பின் வந்த வருஷங்கள் கொடுமையான வருஷங்கள், ஆனால் அந்தச் சில நாளில் குப்பை அள்ளியதும் பிணம் எடுத்ததும் அரிசி பங்கிட்டதும் பக்கத்துத் தெரு ஆட்கள். ஊர் உடனே விழாமல் இருந்தது அதனால்தான்.

அதே ஜார்ஜ்டவுன் போர் இல்லாமலே காலியானதையும் நான் பார்த்தேன். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 கடைசியோடு முடிந்தது. தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்த தையல்காரர், பொற்கொல்லர், மாலை கட்டுபவர், ஒவ்வொருவராகச் சாமானைக் கட்டிக்கொண்டு தாமான்களுக்கும் பிளாட்டுகளுக்கும் போனார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் பெயர் வந்தது, சுவர்கள் அழகாகின. அந்தச் சுவர்களில் சிலவற்றை நானே பூசினேன், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் வேலை முடிந்த வீட்டில் பழையவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அதனால் நல்ல வெள்ளைச் சுவரைப் பார்த்தால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இப்போது உங்கள் ஒழுங்கை. அது ஏன் அப்படியே கிடக்கிறது? காசு இல்லாமல் கிடப்பது கொஞ்சம்தான். சொந்தக்காரர் ஒருவர் டொரண்டோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் கிள்ளானில், ஒரே காணிக்கு ஏழு பங்கு. தேசவழமைப்படி (அது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம்) பங்காளி ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால் மற்றப் பங்காளிக்கு முதல் உரிமை உண்டு. உறுதிப் பத்திரம் 1990இல் டிரங்குப் பெட்டியோடு போயிருக்கும். இன்னொருவர் பத்து வருஷம் ஆண்டு அனுபவித்தால் காணி அவருக்குப் போகலாம் என்று அங்கே சட்டம், ஆனால் போரால் வெளியேறியவர்களைக் காப்பதற்காக 2016இல் ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டுக் குடிமகனுக்குக் காணி மாற்றுவதை 2014ஆம் வருஷத்துச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, வாரிசாக வருவதற்கு விதி வேறு. இந்த மூன்றும் உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பதைத்தான் சட்டத்தரணியிடம் கேட்கச் சொன்னேன். கல் வாங்குவதற்கு முன் இந்த வேலையை முடியுங்கள். காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம், பக்கத்து வீட்டு முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எல்லைக்கல்லைக் காட்டச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

இதைச் சொல்லும்போது சோனகத் தெருவைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள், சொன்னது புலிகள். வடக்கு முழுவதிலும் சேர்த்து 70,000 பேருக்கு மேல். எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள், அந்த ஊரின் தையல்காரர்கள், இரும்புக் கடைக்காரர்கள், லாரிக்காரர்கள். அங்கேயும் உங்கள் வீட்டைப் போலவே கூரை இல்லாத சுவருக்குள் மரம் நிற்பதை நான் பார்த்தேன், திரும்பி வந்து கடை திறந்தவர்களையும் பார்த்தேன். ஊர் மீள்வதைக் கணக்குப் பார்க்கும்போது அந்தத் தெருவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வருகிறேன். உங்கள் படங்களில் எனக்கு உறுதியாகத் தெரிவது: முன்பக்கச் சுவரும் இடது பக்க இரண்டு அறையும் நேராக நிற்கின்றன, வயிறு தள்ளவில்லை, மூலைக்கல் அசையவில்லை. இவற்றை இடிக்க வேண்டிய அவசியம் இல்லை. இடித்துக் கட்டச் சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அங்கே இளம் மேசன்களுக்குச் சிமெண்டுக் கல் மட்டும்தான் பழக்கம், தெரியாத சுவரைத் தொடப் பயப்படுகிறார்கள். சந்தேகமானது குசினி (சமையலறை) பக்கச் சுவர். அதில் மேலிருந்து சாய்வாக இறங்கும் வெடிப்பு, பக்கத்தில் விழுந்த குண்டின் அதிர்ச்சியா, அரச மர வேரா, அத்திவாரம் இறங்கியதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் கழித்தும் கண்ணாடி முழுசாக இருந்தால் அது பழைய காயம், தைத்துவிடலாம். உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, அப்போது பொறியியலாளர் நேரில் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. வலயத்துக்குள் இருந்த காணி என்பதால் கண்ணிவெடி அகற்றியதற்கான உறுதியைக் கிராம அலுவலர் வழியாகக் கேட்டு வாங்குங்கள், வாங்கும்வரை புதருக்குள் கால் வைக்காதீர்கள். கிணற்றை ஆள் இறக்கித் தூர் வாரச் சொல்லாதீர்கள். கைவிட்ட கிணறுகளில் வெடிக்காத குண்டைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் வந்து பார்த்த பிறகுதான் மற்றது. அந்த மண்ணில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீர்தான் எல்லாம், கிணறு சரியானால் வீடு பாதி சரியான மாதிரி. அதனால் அவசரப்படத் தோன்றும், தெரியும், ஆனாலும் பொறுங்கள்.

அரச மரத்தைப் பிடுங்க விடாதீர்கள். வேர் நடு நிரப்புக்குள் ஓடியிருக்கும், பிடுங்கினால் சுவரும் கூட வரும். அடியோடு அறுத்து, வெட்டுவாயில் மருந்து தடவி, வேர் உள்ளேயே சாகட்டும், ஒரு வருஷம் ஆகும். அதுவரை சுவரின் தலையை மூடுங்கள். நிரந்தர வேலைக்குக் காசு சேரும்வரை கிடுகு (பின்னிய தென்னோலை) போதும்: சுவர் மேல் இரண்டு பக்கமும் சரிவாக வேய்ந்து கயிறு கட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. பிறகு சிறு கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்து ஆமை ஓடு மாதிரி மேடாக மூடலாம். சிமெண்டு வேண்டாம் என்று நான் சொல்வது பழைய மோகத்தில் இல்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், அங்கத்து நிலத்தடி உப்பும் கூடவே ஏறும், சில வருஷத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று, பின்னால் கல் மாவாகிப் போயிருக்கும். பினாங்கு லெபோ பசாரில் நான் உரித்துப் போட்ட சிமெண்டுப் பூச்சுக்கு அளவில்லை, எல்லாம் நல்ல எண்ணத்தோடு பூசியதுதான்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கை அங்கே இன்னும் இருக்கிறது. நான் வேலை செய்த இடத்தில் எழுபது தாண்டிய ஒரு மேசன் வந்தார், சுண்ணாம்பு நீற்றும் குழியைத் தானே வெட்டினார். தண்ணீரில் கல் விழுந்து கொதித்து ஆவி கிளம்பியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், இந்தச் சத்தம் கேட்டு முப்பது வருஷம் ஆயிற்று என்றார். வெல்லத் தண்ணீர் விடுகிற அளவை விரலால் தொட்டு நக்கிப் பார்த்துத்தான் சொன்னார். கூட இரண்டு பையன்கள் நின்றார்கள், ஒரு வாரத்தில் ஒருவனுக்குக் கை பழகிவிட்டது. உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு முதியவரைத் தேடுங்கள், கூலியை இரண்டு பேருக்குக் கொடுங்கள், அவருக்கும் கற்றுக்கொள்ள ஒரு பையனுக்கும்.

காசு முழுவதையும் சேர்த்துவிட்டுத் தொடங்கலாம் என்று இருக்காதீர்கள். மற்றப் பங்காளிகள் சம்மதித்தால் இந்த வருஷம் ஐப்பசிக்கு முன் மரம் அறுப்பதும் கிடுகு வேய்வதும், அடுத்த வருஷம் இடது பக்க இரண்டு அறைக்கு மட்டும் ஓடு. அந்த இரண்டு அறையில் யாராவது குடியிருக்கட்டும், தூரத்துச் சொந்தமோ, வாடகை இல்லாமல் பார்த்துக்கொள்கிற ஒரு குடும்பமோ. அடுப்பு எரிகிற வீட்டில் ஓடு ஒன்று நழுவினாலும் அன்றைக்கே ஒருவர் கண்ணில் படும். குசினிச் சுவர் வெடிப்பை மட்டும் பக்கத்தில் ஒரு இருபது சென் காசை வைத்து, நேராகவும் இரண்டு பக்கத்தில் இருந்தும் படம் எடுத்து இங்கே போடுங்கள், உள்பக்கமும் வேண்டும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.